ஓதப் போகும் பிள்ளைகள்

நாகூர் என்று சொன்ன மாத்திரத்தில் நேயர்களுக்கு என்ன நினைவு வரும்? கடற்கரையோரத்தில் வானளாவி நிற்கும் ஐந்து மினாராக்கள் நினைவு வரும். அவற்றுள் மிக உயர்ந்தது 131 அடி. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங் எழுப்பிக் கொடுத்தது அது. கந்தூரி விழாவும், சாகுல் ஹமீது ஆண்டகையின் சந்நிதியில் ஜாதி மத பேதமின்றி வந்து நிற்கும் ஜனத்திரளும் நினைவு வரும். வந்தவர்கள் தரிசித்துவிட்டு ரயிலேறிப் போய்விடுவார்கள்.

ஆனால் ஊருக்குள் நடந்து பார்ப்பவர்களுக்கு வேறொரு நாகூர் தென்படும். பொழுது புலர்ந்து சற்று நேரமானதும், அல்லது மாலையில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, பாவாடைச் சிறுமிகளும் தொப்பியணிந்த சிறுவர்களும் மார்போடு ஒரு புத்தகத்தை அணைத்துக்கொண்டு போவார்கள். 'எங்கே போகிறாய்?' என்று கேட்டால், 'ஓதப் போகிறேன்' என்று பதில் வரும். சற்றைக்கெல்லாம் ஒரு பள்ளிவாசலின் பக்கத்து அறையிலிருந்தோ, ஒரு வீட்டின் கூடத்திலிருந்தோ பத்து இருபது மழலைக் குரல்கள் ஒன்றாய்க் கேட்கும்.

நான்கைந்து வயதுப் பிள்ளைகள். வீட்டில் பேசுவது தமிழ். படிப்பதோ அரபு வேதம். அதன் ஒரு சொல்லுக்கும் அவர்களுக்குப் பொருள் தெரியாது. இருந்தும் பிழையில்லாமல் ஓதப் பழகிவிடுகிறார்கள். இது எப்படி நடக்கிறது? இதனால் பிள்ளைக்கு என்ன லாபம்? இதில் குறை ஏதும் உண்டா? இம்மூன்று கேள்விகளையும் சற்று ஆராய்வோம்.

பள்ளி என்ற சொல்

முதலில் ஒரு சுவையான சங்கதி. தமிழ் முஸ்லிம்கள் தங்கள் தொழுமிடத்தைப் பள்ளி, பள்ளிவாசல் என்கிறார்கள். பிள்ளைகள் படிக்கும் இடமும் பள்ளிதான். இந்தச் சொல் இக்கடற்கரைக்குப் புதிதன்று. நாகூருக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள நாகப்பட்டினத்தில், ராஜராஜ சோழர் காலத்தில் ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் சூடாமணி விஹாரம் என்ற பௌத்தக் கோயிலை எழுப்பினார் அல்லவா? அங்கிருந்த விஹாரங்களைச் சோழர் சாசனம் 'பெரும்பள்ளி' என்றே குறிப்பிடுகிறது. பௌத்தரும் சமணரும் வழங்கிய சொல்லை முஸ்லிம்கள் எடுத்துக்கொண்டார்கள்.

'ஓது' என்பதும் அப்படித்தான். கோயிலில் தேவாரம் பாடுபவர் ஓதுவார். வேதத்தை ஓத்து என்று குறித்தார் வள்ளுவர். மலையாள நாட்டில் குர்ஆன் கற்பிக்கும் பழைய பள்ளிக்கு ஓத்துப்பள்ளி என்றே பெயர். தொழுகை, நோன்பு, பெருநாள், திருமறை என்று சமயச் சொற்களையெல்லாம் தமிழாக்கிக்கொண்ட மக்கள், வேதம் கற்பதற்கும் ஒரு பழந்தமிழ்ச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். பொருத்தமும் கச்சிதமாக அமைந்துவிட்டது. குர்ஆன் என்ற அரபுச் சொல்லின் பொருளே 'ஓதப்படுவது' என்பதுதான். நபிகள் நாயகத்துக்கு முதன்முதலில் இறங்கிய கட்டளையும் 'ஓதுக' என்பதே.

முதல் பாடம்

நம் நாட்டுச் சம்பிரதாயத்தில் எழுத்தறிவித்தல் ஒரு சடங்கு. விஜயதசமியன்று, நாகூரிலிருந்து அதிக தூரமில்லாத கூத்தனூர் சரஸ்வதி கோயிலில், பிள்ளைகளின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதச் சொல்வதைப் பார்க்கலாம். முஸ்லிம் குடும்பங்களிலும் பிள்ளையை முதன்முதலாக ஓத வைப்பது விசேஷ நாள். இந்திய முஸ்லிம்கள் பலரிடையே, குழந்தைக்கு நான்கு வயது நான்கு மாதம் நான்கு நாள் ஆனதும் 'பிஸ்மில்லா' சொல்லிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. இறைவன் திருப்பெயரால் தொடங்குவதைக் குறிக்கும் சொல் அது. உம்மாவும் வாப்பாவும் புதுத்துணி உடுத்தி அழைத்து வர, ஆலிம்சாவோ லெப்பையோ முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பார். அன்று இனிப்பு வழங்குவதும் உண்டு.

முதல் எழுத்து அலிஃப். நேராக நிற்கும் ஒரு கோடு. அடுத்தது பே. தோணி போன்ற வடிவம், கீழே ஒரு புள்ளி. அதே தோணிக்கு மேலே இரண்டு புள்ளி வைத்தால் தே. மூன்று புள்ளி வைத்தால் ஸே. இப்படி 28 எழுத்துக்கள். நம் தமிழ் எழுத்து 247 என்று பயந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு 28 என்றவுடன் சந்தோஷம் வரும். ஆனால் சங்கடம் இனிமேல்தான்.

வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஒரே எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவமும், நடுவில் ஒரு வடிவமும், இறுதியில் ஒரு வடிவமும் கொள்ளும். ஆறு எழுத்துக்கள் மட்டும் தமக்கு அடுத்து வரும் எழுத்தோடு சேராமல் தனித்து நிற்கும். தமிழ்ப் பிள்ளைக்கு இது விநோதம். ஆனால் நம் தமிழிலும் இதற்கு நேர்மாறான விநோதம் ஒன்று இருப்பதை நாம் கவனிப்பதில்லை. கடல், பகல், தங்கம் ஆகிய மூன்று சொற்களையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் 'க' உண்டு. ஆனால் மூன்று இடத்திலும் அதன் ஒலி வேறு. தமிழில் வடிவம் மாறாது, இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறும். அரபியில் ஒலி மாறாது, இடத்துக்குத் தக்கபடி வடிவம் மாறும். நாகூர்ப் பிள்ளை ஐந்து வயதில் இந்த இரண்டு கணக்கையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொள்கிறது!

எழுத்து பழகியதும் உயிர்க்குறிகள். ஸபர், ஸேர், பேஷ் என்று சில ஊர்களிலும், ஃபத்ஹு, கஸ்ரு, ளம்மு என்று சில ஊர்களிலும் அவற்றைச் சொல்வார்கள். 'பே ஸபர் ப, பே ஸேர் பி, பே பேஷ் பு' என்று ராகம் போட்டுச் சொல்வது வீதிவரை கேட்கும். ப் என்ற மெய்யோடு அ, இ, உ என்ற உயிரைச் சேர்த்து ப, பி, பு ஆக்கும் அதே வித்தைதான்.

இந்தக் குறிகளின் வரலாறு பலருக்குத் தெரியாது. ஆதியில் குர்ஆன் பிரதிகளில் உயிர்க்குறிகள் கிடையா. அரபு மக்களுக்கு அவை தேவைப்படவும் இல்லை. இஸ்லாம் பிற நாடுகளுக்குப் பரவி, அரபு அறியாதவர்கள் ஓதத் தொடங்கியபோதுதான் பிழைகள் மலிந்தன. 7-ம் நூற்றாண்டில் அபுல் அஸ்வத் துஅலீ என்பவர் புள்ளிகளால் உயிரொலியைக் குறித்தார் என்றும், 8-ம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் என்ற இலக்கண அறிஞர் இன்றுள்ள குறிகளுக்கு அடிகோலினார் என்றும் கூறுவர். இன்றும் அரபு நாட்டுச் செய்தித்தாள்கள் பொதுவாக இக்குறிகள் இல்லாமலேதான் அச்சாகின்றன. ஆகவே, நாகூர்க் குழந்தை விரல் வைத்துப் படிக்கும் அந்தச் சின்னஞ்சிறு கோடுகள், அக்குழந்தையைப் போன்றவர்களின் பொருட்டே பிறந்தவை எனலாம்.

நாக்குக்கு வந்த சோதனை

எழுத்தைக் கண்டுகொள்வது கண்ணுக்கு வேலை. அதை உச்சரிப்பது நாக்குக்குச் சோதனை. தமிழில் ஒரே 'க' இருக்க, அரபியில் காஃப் என்ற பெயரில் இரண்டு எழுத்துக்கள் உண்டு. ஒன்று நாம் சொல்லும் சாதாரண 'க்'. மற்றது அடிநாக்கு உள்நாக்கைத் தொடும் இடத்திலிருந்து எழும் அழுத்தமான ஒலி. இரண்டுக்கும் வேற்றுமை தெரியாமல் ஓதினால் என்ன ஆகும்? ஆழ்ந்த காஃபைக் கொண்டு 'கல்ப்' என்றால் இருதயம். சாதாரணக் காஃபைக் கொண்டு 'கல்ப்' என்றால் நாய்! ஆசிரியர் ஏன் ஒரே சொல்லைப் பத்து தடவை திரும்பச் சொல்லச் சொல்கிறார் என்பது இப்போது விளங்கும்.

அதே போல 'ஹ' இரண்டு. 'த' இரண்டு. ஸகரத்தை ஒத்த ஒலிகளோ இன்னும் பல. தொண்டையின் நடுவிலிருந்து எழும் ஐன் என்ற எழுத்துக்குத் தமிழில் இணையே கிடையாது. எந்த ஒலி எங்கே பிறக்கிறது என்று விவரிக்கும் கலைக்கு 'தஜ்வீத்' என்று பெயர். பிறப்பிடத்துக்கு 'மக்ரஜ்' என்று பெயர். தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. எழுத்துக்கள் நெஞ்சிலும் கழுத்திலும் தலையிலும் மூக்கிலும் நின்று பிறக்கும் முறையைச் சொல்ல அதிலே பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று நாம் அளப்பது போல, அவர்களும் நீட்டி ஓத வேண்டிய இடங்களை இரண்டு, நான்கு, ஆறு என்று விரல் மடக்கி அளக்கிறார்கள். எகிப்து தேசத்து ஜம்ஸூரீ என்பவர் 18-ம் நூற்றாண்டில் இந்த விதிகளையெல்லாம் செய்யுளாக இயற்றினார். அந்நூலுக்கு அவர் வைத்த பெயர் 'துஹ்ஃபத்துல் அத்ஃபால்'. குழந்தைகளுக்கு ஒரு பரிசு என்று பொருள். இலக்கண நூலைப் பரிசு என்று சொன்ன அவர் மனத்தைப் பாராட்ட வேண்டும்.

இங்கே நேயர்களுக்கு நெடுநாளாய் இருந்திருக்கக்கூடிய ஒரு சந்தேகமும் தீரும். நோன்பு மாதத்தின் பெயரை ஒருவர் ரம்ஜான் என்கிறார். ஒருவர் ரமலான் என்கிறார். ஒருவர் ரமளான் என்று எழுதுகிறார். எது சரி? மூன்றும் ஒரே அரபு எழுத்தைப் பிடிக்கச் செய்த முயற்சிகளே. ளாத் என்ற அந்த எழுத்து, நாக்கின் பக்கவாட்டு மேல் கடைவாய்ப் பற்களை அழுத்தப் பிறப்பது. உருது பேசுவோர் வாயில் அது 'ஜ' போல் ஆயிற்று. தமிழ்க் கரையோரத்தார் 'ள' என்றும் 'ல' என்றும் கொண்டார்கள். தமிழை ழகரத்தின் பெயரால் நாம் பெருமை பேசுவது போல, அரபு மக்கள் தங்கள் மொழியை 'ளாத் மொழி' என்று சொல்லிப் பெருமைப்படுவார்கள். நாவை மடக்கி 'ழ' சொல்லப் பழகிய நாகூர்ப் பிள்ளை, அடுத்த மணியில் 'ளாத்' பழகுகிறது. இரண்டு மொழிகளின் மகுடமும் அதன் வாயில் ஏறுகிறது.

பின்னாலிருந்து முன்னுக்கு

எழுத்துப் பாடத்துக்குக் காயிதா என்ற சிறு நூல். அது முடிந்ததும் 'அம்ம ஜுஸு'. குர்ஆனில் 114 அத்தியாயங்கள். ஓத வசதியாக 30 பாகங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகள் தொடங்குவது முதல் பாகத்திலிருந்து அன்று. கடைசியான முப்பதாம் பாகத்திலிருந்து. காரணம் எளிது. முன்னால் இருக்கும் இரண்டாம் அத்தியாயத்தில் 286 வசனங்கள். கடைசிப் பாகத்திலோ 37 அத்தியாயங்கள். அவற்றுள் சில மூன்றே வசனம் கொண்டவை. 'ஓர் அத்தியாயம் முடித்துவிட்டேன்' என்று ஐந்து வயதுப் பிள்ளை வீட்டுக்கு ஓடிவந்து சொல்ல வேண்டுமானால் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் பிள்ளை மனம் அறிந்தவர்கள்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தது போல, ஓதும் பள்ளியிலும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதைக் காணலாம். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையாக அருகே அழைத்து அன்றைய பாடத்தை ஓதச் சொல்லிக் கேட்பார். பிழை வந்தால் நிறுத்துவார். சரியாய் ஓதினால் நாளைக்கு அடுத்த பாடம். இல்லாவிட்டால் நாளைக்கும் அதே பாடம். வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் போகும். முப்பது பாகமும் ஓதி முடித்தால் 'கத்தம்'. அன்று ஆசிரியருக்குப் புதுவேட்டி, காணிக்கை, தெருவுக்கு இனிப்பு.

இவ்வளவு பாடுபட்டு உச்சரிப்பைத் திருத்துவது எதற்காக? தொழுகைக்காக. ஒரு நாளைக்கு ஐந்து வேளையிலும் கடமையான தொழுகை மொத்தம் 17 ரகஅத்துக்கள். ஒவ்வொரு ரகஅத்திலும் ஏழு வசனங்கள் கொண்ட முதல் அத்தியாயமாகிய ஃபாத்திஹாவை ஓத வேண்டும். தினம் 17 தடவை, ஆயுள் முழுவதும். ஐந்து வயதில் ஏற்பட்ட பிழை எழுபது வயதுவரை நாவில் நிற்கும். அதனால்தான் இத்தனை கண்டிப்பு.

பொருள் தெரியாமல் ஓதலாமா?

இங்கேதான் மிக முக்கியமான கேள்வி எழுகிறது. பொருள் தெரியாமல் ஓதுவதால் பயன் என்ன? இதை நாகரிக காலத்தார் கிளப்பிய கேள்வி என்று எண்ண வேண்டாம். 900 ஆண்டுகளுக்கு முன்பே, அரபு பேசும் நாட்டிலேயே, ஒரு பெரிய மார்க்க அறிஞர் இதைக் கேட்டுவிட்டார். ஸ்பெயின் தேசத்து ஸெவீல் நகரில் நீதிபதியாக இருந்த அபூபக்ரு இப்னுல் அரபி (1076–1148) என்பவர் அவர். பிள்ளைகளுக்கு முதலில் மொழியையும் கவிதையையும் கற்பியுங்கள், பிறகு கணக்கு, அதன் பின்னர் குர்ஆனைக் கொடுத்தால் எளிதில் விளங்கும், விளங்காததைப் படிக்கச் சொல்வது என்ன நியாயம் என்பது அவர் கட்சி.

இவர் கருத்தை எடுத்துச் சொன்னவர் பிரசித்தி பெற்ற சரித்திர ஆசிரியர் இப்னு கல்தூன். 1377-ல் எழுதிய 'முகத்திமா' என்ற நூலில், ஒவ்வொரு தேசத்தாரும் பிள்ளைகளுக்குக் குர்ஆன் கற்பிக்கும் முறையை ஒப்பிட்டுப் பார்க்கிறார். வட ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில் குர்ஆனைத் தவிர வேறொன்றும் கற்பிப்பதில்லை. அதனால் அவர்களுக்கு மொழித்திறன் குறைவு என்கிறார். ஸ்பெயின் முஸ்லிம்கள் குர்ஆனோடு கவிதை, கடிதம் எழுதுதல், இலக்கணம், கையெழுத்து எல்லாம் சேர்த்துக் கற்பித்தார்கள். அதனால் மொழியில் வல்லவர்கள் ஆனார்கள் என்கிறார்.

அப்படியானால் நீதிபதியின் யோசனையை ஏன் யாரும் ஏற்கவில்லை? அதற்கும் அவரே விடை சொல்கிறார். யோசனை நல்லதுதான், ஆனால் ஜனங்களின் வழக்கம் இடம் கொடுக்கவில்லை. சிறு பிராயத்தில் பிள்ளை சொன்னபடி கேட்கும். வளர்ந்தபின் கையைவிட்டுப் போனாலும் போய்விடும். கைக்குள் இருக்கும்போதே வேதத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இன்று நாகூரில் ஒரு தாயைக் கேட்டாலும் இதே விடையைச் சொல்லக்கூடும். அந்த அச்சத்தைத் தவறென்று ஒதுக்கிவிட முடியாது. வளைவதற்கு ஐந்து வயதுதான் ஏற்றது என்று நாமும் பழமொழி வைத்திருக்கிறோம் அல்லவா?

கரையோரம் கண்ட வழி

ஓசையும் வேண்டும், பொருளும் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்கத் தமிழ்க் கரையோரத்தார் கண்ட வழி உலகம் வியக்கத்தக்கது. அதுவே அரபுத் தமிழ். அர்வி என்றும் சொல்வார்கள். மொழி தமிழ்; எழுத்து அரபு.

ஓதும் பள்ளிக்குப் போன எல்லாப் பிள்ளைகளுக்கும் அரபு எழுத்து தெரியும். அந்த எழுத்திலேயே தமிழை எழுதிவிட்டால்? புதிதாக வேறொரு நெடுங்கணக்குப் படிக்க வேண்டிய சிரமமில்லாமல், தன் தாய்மொழியில் மார்க்க நூல்களைப் பிள்ளை படிக்கலாம் அல்லவா? ஆனால் அரபியில் 'ப' ஒலி கிடையாது; 'ண' கிடையாது; 'ழ' கிடையாது. எ, ஒ என்ற உயிர்களும் கிடையா. இருந்த எழுத்துக்கே புள்ளி கூட்டிப் புது எழுத்து உண்டாக்கினார்கள். நூன் என்ற எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி உண்டு. கீழேயும் ஒரு புள்ளி வைத்தால் அது 'ண' ஆயிற்று. எகர ஒகரங்களுக்குத் தனிக் குறிகள் அமைத்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் வட்டாரம் முதல் இலங்கை வரை இந்த எழுத்து வழங்கிற்று. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர்கள் இதில் நூல்கள் இயற்றினார்கள். 19-ம் நூற்றாண்டிலேயே குர்ஆனுக்கு அரபுத் தமிழில் விரிவுரைகள் வெளிவந்துவிட்டன. குர்ஆனின் முழுத் தமிழாக்கத்தை ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி தமிழ் எழுத்தில் நிறைவு செய்ததோ 1940-களில்தான்.

இதனால் பெரும்பயன் பெற்றவர்கள் பெண்கள். அக்காலத்தில் எந்த ஜாதியிலும் பெண்பிள்ளையைத் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது அபூர்வம். ஆனால் கரையோர முஸ்லிம் குடும்பங்களில் பெண்பிள்ளையும் ஓத வேண்டும். வீட்டிலிருந்தே ஓதிக் கொடுக்கும் பெண்கள் இருந்தார்கள். காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் உண்டு. ஓதத் தெரிந்த பெண்ணால் அரபுத் தமிழ் நூலைப் படிக்க முடிந்தது. கடல் கடந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கணவனுக்குக் கடிதம் எழுதவும் அது கைகொடுத்தது. தமிழ் எழுத்து ஒன்றும் அறியாத மூதாட்டி, தன் வீட்டில் உட்கார்ந்து தமிழ் நூல் படித்தாள். எழுத்தறிவில்லாதவள் என்று அவளைச் சொன்னால் அது அநியாயம் அன்றோ!

பிறகு அச்சு யந்திரமும் சர்க்கார் பள்ளிக்கூடமும் வந்தன. எல்லாப் பிள்ளைகளும் தமிழ் எழுத்தே படிக்கத் தொடங்கினார்கள். இதுவும் நல்லதே. ஓதுவதோடு நின்றுவிடக் கூடாது என்று இலங்கையில் பாடுபட்டவர் அறிஞர் சித்தி லெப்பை (1838–1898). 1882-ல் 'முஸ்லிம் நேசன்' என்ற இதழைத் தொடங்கி, ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று இடைவிடாது எழுதினார். தாமே பள்ளிகளையும் நிறுவினார். நாகூரும் பின்தங்கவில்லை. குலாம் காதிறு நாவலர் (1833–1908) முதலிய புலவர்களைத் தந்து 'புலவர் கோட்டை' என்று பெயர் வாங்கிய ஊர் இது. மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாத நாகூர்ப் பெண் ஒருவர், சித்தி ஜுனைதா பேகம், 1938-ல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை வழங்கியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் என்றால் வேறென்ன சொல்ல வேண்டும்?

ஆனால் ஒரு நஷ்டமும் கூடவே வந்தது. தமிழ் எழுத்து பரவப் பரவ அரபுத் தமிழ் மறைந்தது. இன்று அதைச் சரளமாகப் படிப்பவர்கள் அரிது. பழைய வீடுகளில் அந்த நூல்கள் அலமாரியில் பழுப்பேறிக் கிடக்கின்றன. முன்பு ஓதிய எழுத்தும் பொருள் படித்த எழுத்தும் ஒன்றாயிருந்தன. இப்போது ஓதுவது ஒரு புத்தகம். பொருள் இருப்பது வேறொரு புத்தகம். முதல் புத்தகத்தை மூடிய பிள்ளை இரண்டாவது புத்தகத்தைத் திறக்காமலே வளர்ந்துவிடக் கூடும்.

பிரம்பும் நேரமும்

ஓதும் பள்ளியைப் பற்றிப் பேசும்போது பிரம்பை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் பிரம்பு இருந்தது. ஓதும் பள்ளியிலும் இருந்தது. 'கண் இரண்டையும் விட்டுவிட்டு மற்றதை அடித்துத் திருத்துங்கள்' என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர் எல்லா மதத்திலும் உண்டு. ஆனால் கடுமை பிள்ளையைக் கெடுக்கும் என்று அன்றே எச்சரித்தவரும் மேற்சொன்ன இப்னு கல்தூன்தான். அடிக்கு அஞ்சும் பிள்ளை சுறுசுறுப்பை இழக்கும், சோம்பல் கொள்ளும், தப்பித்துக்கொள்ளப் பொய்யும் சூதும் பழகும் என்கிறார் அவர். இந்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை அடிப்பதை 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது. சட்டத்துக்கு 600 ஆண்டு முன்பே சான்றோர் சொன்ன சொல்லுக்கும் செவி சாய்க்கலாம். வேதத்தை நினைக்கும்போது வலி நினைவுக்கு வரும்படி எந்தப் பிள்ளைக்கும் கற்பிக்கக் கூடாது.

மற்றொரு தொல்லை நேரம். காலையில் ஓதிவிட்டு, அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, பள்ளிக்கூட வண்டி பிடிக்க வேண்டும். மாலையில் திரும்பினால் டியூஷன். நடுவே கிடைக்கும் அரைமணியில் ஓதல். சில வீடுகளில் ஆசிரியர் கைப்பேசித் திரையில் வந்து ஓதிக் கொடுக்கிறார். திரை ஒலியைக் காட்டும். நாக்கு எந்தப் பல்லைத் தொட வேண்டும் என்று எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டும் ஆசிரியருக்கு அது முழு ஈடாகுமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

செய்யத்தக்கது ஒன்று

அரபுத் தமிழை இனி வீட்டுக்கு வீடு மீட்பது சாத்தியமில்லை. ஆனால் அதை உண்டாக்கியவர்களின் நோக்கத்தை மீட்கலாம். ஓதிய பிள்ளைக்குத் தன் மொழியில் பொருளும் கிடைக்க வேண்டும் என்பதே அந்த நோக்கம். இதற்குப் பெரிய திட்டம் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. தினம் 17 தடவை ஓதப் போகும் அந்த ஏழு வசனங்களிலிருந்து தொடங்கலாம். நாளைக்கு ஒரு வசனம். அதற்கு ஐந்து நிமிஷம். குழந்தைக்கு விளங்கும் தமிழில் பொருள். ஒரே வாரத்தில் ஏழும் முடிந்துவிடும். பிறகு பின்னாலுள்ள சின்னஞ்சிறு அத்தியாயங்கள். காயிதா முடிவதற்குள், தான் என்ன ஓதுகிறோம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். இப்படிக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இன்றும் இல்லாமல் இல்லை. எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதே நாம் விரும்புவது.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். ஓதிவிட்டு வந்த பிள்ளையிடம் 'எத்தனை பக்கம் முடித்தாய்?' என்று கேட்பதோடு நில்லாமல், 'அதில் என்ன சொல்லியிருக்கிறது?' என்றும் கேட்கட்டும். பிள்ளை மறுநாள் ஆசிரியரைக் கேட்கும். ஆசிரியர் சொல்லித்தான் ஆக வேண்டும்!